கைக்கு வந்த பெயர்

அந்தக் காலத்தில், காக்கையும் கரடியும் மனிதர்களோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, வடக்கே பிர்ச் மரக் காடுகளில் ஒரு கூட்டம் வாழ்ந்தது. கையை அவர்கள் 'பிடிப்பவன்' என்றே சொன்னார்கள். கோடரியைப் பிடிக்கும், மானின் கொம்பைப் பிடிக்கும். வேறென்ன வேலை அதற்கு?

அந்தக் கூட்டத்தில் வைதோவின் பிடி பேர்போனது. "நான் பிடித்தது எதுவும் நழுவியதில்லை" என்பான்.

"கூடையில் ஓட்டை விழுந்து எத்தனை நாளாயிற்று! அதை அடைத்துத் தர மட்டும் உன் பிடிப்பவனுக்கு வலிக்கிறதாக்கும்" என்றாள் அவன் மனைவி மில்தா.

"கூடை முடைவதும் பழம் பொறுக்குவதும் என் கைக்கு இழுக்கு."

"அது சரி, ராசா கை!"

சிரித்துக்கொண்டே ஓட்டைக் கூடையோடு சதுப்புக்குச் சிவப்புப் பழம் பறிக்கப் போனாள். பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை.

வைதோ தேடிப் போனான். சதுப்போரப் பாசியில் ஒரு பழம் கிடந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. பட்ட மரத்திலிருந்த காக்கை கத்தியது.

"மிதிக்காதே, பெரிய பிடிகாரா! அவள் சிந்திய பழம்தான் வழி. பொறுக்கிக்கொண்டே போ. அவை கையில் இருக்கும்வரை சதுப்பு உன்னைத் தாங்கும். கொட்டினாயோ, திரும்பி வரமாட்டாய்."

வைதோ குனிந்தான். முதலில் எடுத்தவை நசுங்கின. மெல்ல எடுக்க விரல்கள் பழகின. தினமும் இப்படியா குனிகிறாள் என்று நினைத்தபடி அடுத்ததை எடுத்தான். குவித்த இரு கைகளும் நிறைந்தபோது அவளைக் கண்டான். மார்புவரை சேற்றில் நின்றாள்.

"வந்துவிட்டாயா! பிடி, என்னைப் பிடி!"

பழங்களைக் கொட்டினால் இருவருக்குமே வழியில்லையே! ஒரு மூச்சு நேரம் தயங்கினான். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் பாய்ந்தான். அதற்குள் சேறு அவளை விழுங்கிவிட்டது; மூடிய விரல்களுக்குள் பாசி மட்டும் இருந்தது.

கொட்டிய பிறகும் சதுப்பு அவனைத் தாங்கிக்கொண்டுதான் நின்றது.

"பொய்யா சொன்னாய்?" என்று காக்கையைக் கேட்டான்.

"என் அம்மா சொன்னதைச் சொன்னேன்" என்றது அது, தலையைத் திருப்பிக்கொண்டு.

அதன்பின் பழம் பழுக்கும்போதெல்லாம் வைதோ அங்கே போவான். ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, அவள் நின்ற இடத்தில் வைப்பான். தயங்காமல் இருந்திருந்தால்? கேள்வி அவனோடு போய் அவனோடே திரும்பும்.

ஒருநாள் மரம் தூக்கிய பக்கத்துக் குடிசைக்காரன், "உன் பிடிப்பவனைக் கொஞ்சம் கொடு, வைதோ" என்றான்.

"அந்தப் பெயர் வேண்டாம். இந்தக் கை அவளைப் பிடிக்கவில்லை."

"பிறகு என்னவென்று கூப்பிட?"

வைதோ சிவப்பேறிய விரல்களைப் பார்த்தான். "சேர்ப்பவள் என்று சொல். அவள் கை செய்ததைத்தான் இதுவும் செய்கிறது."

அவன் மனம் நோகக்கூடாதென்று கூட்டமே பழைய பெயரை விட்டது. பிறந்த பிள்ளைகள் அதைக் கேட்காமலே வளர்ந்தார்கள்.

அன்று முதல்தான் அந்தக் காட்டு மக்கள் கையைத் தங்கள் மொழியில் 'ரன்கா', அதாவது சேர்ப்பவள், என்கிறார்கள். ஆனால் யாராவது பிரிந்து போகும்போது மட்டும், மறந்த பெயர் நினைவுக்கு வந்ததுபோல் அந்தக் கை பிடிப்பதற்குத் தானாக நீள்கிறது.