நாலு மணி ஊர்வலம்

கோணவாய்க்கால் என்று ஓர் ஊர். அங்கே யாரும் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

வருஷா வருஷம் அவர்களுக்கும் பக்கத்து ஊர் மேலத்தாங்கலுக்கும் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். இருபத்திரண்டு வருஷமாகக் கோணவாய்க்காலுக்குத் தோல்வி. அணித்தலைவர் வீரபத்திரன் கோப்பை வைப்பதற்கென்றே வீட்டில் ஒரு மாடம் கட்டியிருந்தார். அதில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சாவதற்குள் ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

ஊர்வலத்துக்கு மட்டும் குறை வைத்ததில்லை. வெற்றி ஊர்வலத்துக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்று யாரோ சொல்லிவைக்க, இருபத்திரண்டு வருஷமும் தவறாமல் வாங்கி வைத்தார்கள். இந்த வருஷம் இன்ஸ்பெக்டருக்கு அலுத்துவிட்டது.

"பேப்பரை மட்டும் வாங்கிட்டுப் போறீங்க, ஊர்வலத்தைக் காணோம்! இந்தத் தடவை சரியா நாலு மணிக்கு மைதானத்து மேற்கு வாசல் வழியாக் கிளம்பணும். ஊரைச் சுத்திட்டுக் கிழக்கு வாசல் வழியா உள்ளே வரணும். கிளம்பலேன்னா இனி ஜென்மத்துக்கும் கையெழுத்துப் போடமாட்டேன்."

அந்தப் பேப்பரை எத்திராசு நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அணியில் கைக்கடிகாரம் கட்டிய ஒரே ஆள் அவர்தான்.

போட்டி மூன்றரைக்குத் தொடங்கியது. கோணவாய்க்கால் மேற்குப் பக்கம், மேலத்தாங்கல் கிழக்குப் பக்கம், பக்கத்துக்கு எட்டுப் பேர். நடுவராக வந்த பி.டி. சார் விதியைச் சொன்னார்.

"நடுவுல சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கு. கயித்துல சிவப்புத் துணி கட்டியிருக்கு. அஞ்சு மணிக்கு விசில் அடிப்பேன். அப்போ துணி கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கோ, அந்தப் பக்கத்து ஆளுங்க ஜெயிச்சாங்க. என்ன நடந்தாலும் விசில் அடிக்கிற வரைக்கும் கயித்தை விடக்கூடாது."

அரை மணி நேரம் இழுத்தார்கள். துணி கோட்டின் மேலேயே நின்றது.

"அண்ணே, மணி நாலு" என்றார் எத்திராசு.

"அதுக்கென்ன இப்போ?"

"ஊர்வலம் கிளம்பணும்ணே."

"இன்னும் ஜெயிக்கவே இல்லையேடா!"

"ஜெயிச்ச பிறகுன்னு பேப்பர்ல போடலை. நாலு மணின்னுதான் போட்டிருக்கு."

வீரபத்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "கயித்தை விட்டா பி.டி. சார் கோவிச்சுக்குவார். விடலேன்னா இன்ஸ்பெக்டர் கோவிச்சுக்குவார்."

அவருக்குப் பின்னால் நின்ற கன்னியப்பன், "கயித்தோடயே போனா?" என்றார்.

இப்படி ஒரு மூளை ஊரில் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

எட்டுப் பேரும் திரும்பினார்கள். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்கு வாசலைப் பார்த்து நடந்தார்கள். அங்கே காத்திருந்த பேண்டு செட்டு முழங்கியதும் கால்களில் எங்கிருந்தோ ஒரு வேகம் வந்துவிட்டது. மேலத்தாங்கல்காரர்கள் குதிகாலால் தரையை உழுதுகொண்டே பின்னால் வந்தார்கள். கயிற்றை விடக்கூடாது என்பது அவர்களுக்கும் சேர்த்துச் சொன்னதுதானே!

கடைத்தெருவில் பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். இழுபட்டு வருகிறவர்களும் விருந்தாளிகள்தான் என்று அவர்களுக்கும் மாலை விழுந்தது. யாருக்கும் கை காலியில்லாததால் டீக்கடைக்காரர் பதினாறு பேர் வாயிலும் டீயை ஆற்றி ஊற்றினார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கூட ஓடிவந்த பி.டி. சாரை, ஆடிக்கொண்டு வருகிறார் என்று நினைத்து அவர்மேலும் பூவைத் தூவினார்கள். வீரபத்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பவே உசுரு போனாலும் பரவாயில்லடா" என்றார்.

கிழக்கு வாசல் வழியாக மைதானத்துக்குள் நுழைந்து பத்தடி வைத்திருப்பார்கள். மணி ஐந்து. பி.டி. சார் விசில் ஊதினார்.

"துணி கிழக்கே இருக்கு. மேலத்தாங்கல் ஜெயிச்சாச்சு!"

"ஊரெல்லாம் இழுத்துட்டு வந்தோமே சார்!"

"எங்கெங்கே இழுத்தீங்கன்னு யாரு கேட்டா? எங்கே நிக்குதுங்கிறதுதான் கணக்கு."

யாராவது மனசு மாறுவதற்குள் மேலத்தாங்கல்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்கள். பி.டி. சாரும் அதிலேயே போய்விட்டார். வீரபத்திரன் கயிற்றின் மேலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். கதை சொல்கிற எனக்கே பொறுக்கவில்லை.

கன்னியப்பன் மறுபடியும் மூளையைக் கசக்கினார். "அண்ணே, தப்பு நம்ம பலத்துல இல்ல, வழியில இருக்கு. கிழக்கு வாசல் வழியாப் போய் மேற்கு வாசல் வழியா வந்திருந்தா, துணி நம்ம பக்கமில்ல வந்திருக்கும்?"

அழுகை நின்றது. கயிறு தோளில் ஏறியது. இந்தத் தடவை கயிறு மிகவும் லேசாக வந்தது.

"அவங்க களைச்சுட்டாங்க" என்றார் எத்திராசு, திரும்பிப் பார்க்காமலே.

ஊரைச் சுற்றி மேற்கு வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். சிவப்புத் துணி அவர்கள் பக்கம் வந்து சேர்ந்தது. வீரபத்திரன் வாயில் இரண்டு விரலை வைத்துத் தானே விசில் அடித்தார். ஜெயித்துவிட்டார்கள்! ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கதறினார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எத்திராசு பேப்பரை எடுத்தார். "அண்ணே, நாலு மணிக்குப் போனது ஜெயிக்கிறதுக்கு முந்தின ஊர்வலம். ஜெயிச்ச ஊர்வலம் இன்னும் பாக்கி இருக்கு."

"ஆமாடா! எந்த வழியாப் போகணும்?"

"பேப்பர்ல இருக்கிற வழிதான். மேற்கு வாசல் வழியாப் போய், கிழக்கு வாசல் வழியா உள்ளே வரணும்."

"கயித்தை மட்டும் விட்டுடாதீங்கடா" என்று சொல்லிவிட்டு வீரபத்திரன் முன்னால் நடந்தார்.