கால்குழி நாற்று

தையல்நாயகிக்கு முப்பத்தெட்டு வயது. அவளிடம் நடவு பழக வந்த வசந்தகோகிலத்துக்கு ஐம்பத்திரண்டு. குரு சின்னவள், சிஷ்யை பெரியவள். சேற்றில் இறங்கிவிட்டால் வயதை யார் பார்க்கிறார்கள்?

கோகிலம் இருபது வருஷம் பனியன் கம்பெனியில் தைத்தவள். கண் மங்கியதும் வேலை போயிற்று. கொள்ளிடக் கரையில் இருந்த பிறந்த ஊருக்கே திரும்பி வந்தாள். தையல்நாயகியின் நடவு செட்டில் ஓர் ஆள் குறைந்திருந்தது.

"நாலு நாள் நட்டுப் பாருங்கக்கா. கை வந்தா இருங்க" என்றாள் தையல்நாயகி.

கை வராவிட்டால் போக்கிடம் இல்லை. அதைக் கோகிலம் யாரிடமும் சொல்லவில்லை.

செட்டில் மொத்தம் பன்னிரண்டு பெண்கள். எல்லோரிலும் மூத்தவள் ராசாம்பாள். கை நட்டுக்கொண்டே இருக்கும், வாய் ஏசிக்கொண்டே இருக்கும். வெயிலை ஏசுவாள், நாற்றை ஏசுவாள், தையல்நாயகியை எல்லாவற்றுக்கும் மேலாக ஏசுவாள்.

"நாத்து முடிய வீசுறதப் பாரு, பிச்சை போடுற மாதிரி. இவ எல்லாம் ஒரு தலைவி."

தையல்நாயகி அடுத்த நாற்றுக் கட்டை வீசாமல் அவள் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கஞ்சி வேளையில் கோகிலத்துக்குப் பொறுக்கவில்லை.

"அந்தம்மாவ ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டா என்ன, நாயகி?"

"குடிங்கக்கா. வெயில் ஏறுது."

நாலாம் நாள் கோகிலத்துக்கு வரப்போர வரிசை. நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். காலை எடுத்த இடத்தில் குழி விழும், அதில் தண்ணீர் நிற்கும். கையால் சேற்றைத் தள்ளிக் குழியை மூடிவிட்டுத்தான் நட வேண்டும். குழியிலேயே நட்டால் நாற்றுக்குப் பிடிமானம் இருக்காது, விடிவதற்குள் மிதந்துவிடும். முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

மத்தியானத்துக்கு மேல் கோகிலம் பின்தங்கினாள்.

"என்னடி, மெஷின்னு நெனச்சியா, மிதிச்சா தானா ஓடுறதுக்கு?" என்றாள் ராசாம்பாள்.

யாரோ சிரித்தார்கள். கோகிலத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதன்பிறகு அவள் குழிகளை மூடவில்லை. தண்ணீர் நின்ற குழிகளிலேயே நாற்றைச் செருகிக்கொண்டு மளமளவென்று நகர்ந்தாள். மற்றவர்களை எட்டிப் பிடித்ததில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கரையேறித் திரும்பிப் பார்த்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவள் வரிசையில் அதற்குள் இரண்டு நாற்று சாய்ந்து மிதந்தன. காலையில் வயல்காரர் பார்க்க வருவார். வரிசை பூராவும் மிதந்தால் அடுத்த வயலுக்கு இந்த செட்டைக் கூப்பிடமாட்டார். பன்னிரண்டு பேர் பிழைப்பும் அவளால் போகும்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே வயலுக்கு ஓடினாள். யாரும் வருமுன் நட்டுவிடலாம் என்ற நினைப்பு.

வரப்பில் ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு நாற்றுகூட மிதக்கவில்லை. குழிகள் எல்லாம் மூடப்பட்டிருந்தன. அவள் வரிசை அவள் நட்டதைவிட நேராக நின்றது.

சற்று நேரத்தில் தையல்நாயகி வரப்பில் நடந்து வந்தாள்.

"நீயா நட்ட, நாயகி?"

தையல்நாயகி தன் காலைக் காட்டினாள். பாதத்தில் தெருப் புழுதிதான் இருந்தது.

"இப்பத்தான்க்கா வரேன்."

கோகிலம் அழுதாள்.

"குழியிலயே நட்டேன். தெரிஞ்சேதான் நட்டேன். நான் வேணாம், வேற ஆளப் பாத்துக்க."

தையல்நாயகி வரப்பில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தட்டிக் காட்டி அவளையும் உட்கார வைத்தாள்.

"பதினாறு வருசம் இருக்கும். கைப்புள்ளைய வேப்பமரத்துல தூளி கட்டிப் போட்டுட்டு நட்டேன். அது விடாம கத்துது. எனக்குப் பால் கட்டி நெஞ்சு வலிக்குது. குழியாவது ஒண்ணாவதுன்னு செருகிட்டு ஓடிட்டேன். காலையில வந்து பாத்தா அத்தனையும் நிக்குது."

"யாரு நட்டுருந்தா?"

"ஒவ்வொருத்தரா கேட்டேன். எல்லாரும் நான் இல்லன்னுட்டாங்க."

"இத்தனை வருசத்துல தெரியவேயில்லையா?"

"இல்லக்கா. அப்ப இருந்தவங்கள்ல அஞ்சு பேரு இன்னும் நம்ம செட்டுல இருக்காங்க."

கோகிலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தையல்நாயகி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"நாளைக்கு மேலவயல்ல நடவு. அங்கயும் வரப்போரமே புடிச்சுக்கங்க. காலு வழுக்காது."

தூரத்தில் வாய்க்கால் பாலத்தருகே ராசாம்பாளின் குரல் கேட்டது. ஆள் தெரிவதற்கு முன்பே ஏச்சு வந்து சேர்ந்தது.

"மகாராணிங்க ரெண்டு பேரும் வரப்புல கொலு இருக்காளுவ. நாத்து தானா நட்டுக்குமா?"

கோகிலம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"காலங்காத்தாலயேவா? எப்படித்தான் இதப் பொறுத்துக்கிட்டுக் கெடக்குறியோ."

தையல்நாயகி எழுந்து சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"அன்னிக்கு நட்டது இந்த அத்தையா இருந்துட்டா?"

கோகிலம் எதிரே போய், ராசாம்பாள் ஏசிக்கொண்டிருக்கும்போதே, அவள் கையிலிருந்த கஞ்சித் தூக்கை வாங்கிக்கொண்டாள்.