நகர்ந்து போன ஆவாரந்தழை

குறும்பாறை மேட்டில் சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் மாதேஸ்வரிதான் குரு. வயது முப்பத்து நாலு. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சைக்கிள் பட்டறை வைத்திருந்தாள். எந்த வண்டித்தடம் எந்தப் பள்ளத்தில் இறங்கும், எந்த ஓடை மணல் டயரைப் பிடித்து இழுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவளிடம் பாடம் கேட்க வந்த அர்த்தநாரிக்கு ஐம்பத்தொன்று. சேலத்தில் வேலையை விட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த மனுஷர். தன்னைவிடப் பதினேழு வயது இளையவளை அவர் "மாஸ்டர்" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அவள் "அண்ணா" என்பாள். கூப்பிடுவதில் ஒரு குறையும் கிடையாது. குறை இருந்ததெல்லாம் அர்த்தநாரியின் மனசுக்குள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து நாற்பது பேர் சைக்கிளோடு வருவதாக இருந்தது. எந்த வழியாக ஓட்டுவது என்று வருஷா வருஷம் அவர்களுக்குப் பாதை போட்டுக் கொடுப்பது மாதேஸ்வரி. இந்த வருஷம், "நீங்க போடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டாள். அர்த்தநாரிக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தபந்தம் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார்.

திங்கட்கிழமை போனில் வரைபடத்தோடு வந்து நின்றார். மேட்டு நிலத்தைச் சுற்றி வந்து, கடைசியில் ஆனைமடுப் பள்ளத்தில் இறங்கி, ஆற்றைத் தாண்டி அக்கரை ஏறுகிற பாதை.

"முழுசா ஓட்டிட்டீங்களாண்ணா?"

"முழுசா ஓட்டிட்டேன் மாஸ்டர்."

முழுசா என்றால் முக்கால்வாசி. பள்ளம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு ஒற்றைப் புளியமரம் உண்டு. அதுவரைக்கும் போனார், மழை பிடித்துக்கொண்டது, திரும்பிவிட்டார். மிச்சப் பாதையை வீட்டில் உட்கார்ந்து, மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து விரலால் இழுத்துச் சேர்த்தார். படத்தில் பாதை வகிடு எடுத்த மாதிரி அவ்வளவு தெளிவு. அங்கேதானே கிடக்கிறது, எழுந்து ஓடியா போய்விடும்?

மாதேஸ்வரி வரைபடத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பார்த்துட்டுச் சொல்றேன்."

ஒரு நல்ல வார்த்தை இல்லை. சபாஷ் இல்லை. வெளியே வந்த அர்த்தநாரிக்கு, அப்போதே உள்ளே ஒரு முள் குத்தியது. இதென்ன, வயித்தெரிச்சலா?

செவ்வாய்க்கிழமை காலையில் சுண்ணாம்புப் பொடியை எடுத்துக்கொண்டு வழியெல்லாம் அம்புக்குறி போட்டபடி போனார். புளியமரத்தடிக்கு வந்தால், பாதையின் குறுக்கே ஒரு ஆவாரங்கொப்பு கிடந்தது. பூவோடு, பச்சையாக. காற்றில் போகாமலிருக்க அதன் மேல் ஒரு கல்.

பக்கத்தில் சடையன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அந்த மேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"யாருங்க இந்தத் தழையைப் போட்டது?"

"நான் பாக்கல சாமி. வரும்போதே கெடந்துச்சு."

"எதுக்குப் போடறது இது?"

"முன்னால போறவன் பின்னால வர்றவனுக்குப் போடறது. நான் இதுக்கு மேல போகலப்பான்னு சொல்றது. எங்காளுங்க அப்பிடித்தான் போடுவோம்."

"அதாவது, போகாதேன்னு."

"போகாதேன்னு யாரு சாமி சொன்னா? நான் போகல, அம்புட்டுதான்."

அர்த்தநாரி அதைக் காதில் வாங்கவில்லை. யாரோ வேண்டுமென்றே நம் பாதையை அடைக்கிறார்கள் என்பது மட்டும்தான் அவருக்கு ஏறியது. கொப்பைத் தூக்கி வீசினார். சைக்கிளை மிதித்து ஒரு பெரிய பாறை வரைக்கும் போனார். அங்கிருந்து இறக்கம். கீழே கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் தண்ணீர் இரைந்தது. செயின் கொஞ்சம் இழுக்கிற மாதிரி இருந்தது. இருக்கட்டும், செயினைப் பார்த்துவிட்டு நாளைக்கு இறங்கலாம் என்று திரும்பினார்.

புதன்கிழமை வந்தபோது புளியமரத்தடி சுத்தமாகக் கிடந்தது. அப்பாடா என்று நினைத்தார். பாறைக்கு வந்தால், அங்கே கிடந்தது தழை! புதுக்கொப்பு, மேலே புதுக்கல்.

அடப்பாவி, என்று குனிந்து மண்ணைப் பார்த்தார். ஈரச் செம்மண்ணில் ஒரு டயர் தடம் அச்சுப் பதித்த மாதிரி விழுந்திருந்தது. ஓரத்துப் பல் இரண்டு கொட்டிப்போன டயர். அந்தப் பின்சக்கரத்தை அவருக்குத் தெரியாதா? ஒன்றரை வருஷமாக அதைப் பார்த்தபடிதானே பின்னால் மிதிக்கிறார்.

மாஸ்டர்! மாஸ்டரேதான்!

அதற்கப்புறம் எல்லாமே அவருக்குச் சந்தேகமாகப் போயிற்று. போன மாசம் ஒரு சரிவில் "மெதுவா, மெதுவா" என்றாளே, ஏன்? பாதையை நீங்களே போடுங்க என்று அவ்வளவு சுலபமாக விட்டாளே, ஏன்? நான் கோட்டைவிட்டு நாற்பது பேர் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும், அவள் வந்து சரிபண்ண வேண்டும், அதுதானே கணக்கு? கொப்பை எடுத்துப் பள்ளத்துக்குள் எறிந்தார். ஆத்திரத்தோடு இறக்கத்தில் இறங்கி, முதல் வளைவு வரைக்கும் போனார். அங்கே சக்கரத்துக்குக் கீழே சரளை உருண்டது. ஒரு பக்கம் பாறைச்சுவர், ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. வெயில் ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் பாறைக்கு வந்து, சைக்கிளைப் புதருக்குள் படுக்க வைத்துவிட்டு, தானும் உள்ளே போய் உட்கார்ந்தார். ஐம்பத்தொரு வயசில் முள்ளுக்குள் ஒளிந்து உட்காருவதென்றால் சும்மாவா? இடுப்பு போயிற்று. எறும்பு வேறு.

மாதேஸ்வரி வந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தலையைக் குனிந்து மண்ணையே பார்த்தபடி மெதுவாக நடந்தாள். பாறையைத் தாண்டி முதல் வளைவுக்குப் போனாள். ஆவாரஞ்செடியில் ஒரு கொப்பை ஒடித்துக் குறுக்கே போட்டாள், கல்லை வைத்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்த வழியே போய்விட்டாள்.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. ஆனால் அர்த்தநாரிக்குச் சந்தோஷமில்லை. எத்தனை நாள் அவள் போட்ட கோட்டில் கண்ணை மூடிக்கொண்டு சைக்கிளை விட்டிருப்பார்! அவளா இப்படி? புதருக்குள் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் அழுதார்.

வெள்ளிக்கிழமை காலையில் நேரே பட்டறைக்குப் போனார்.

"தழை போடறது நீங்கதானே?"

"ஆமாண்ணா." கையில் இருந்த கிரீஸைத் துடைத்தபடி சொன்னாள். மறுக்கவே இல்லை.

"என் கண்ணால பார்த்தேன்."

"தெரியும். புதருக்குள்ள நீங்க இறங்கின தடம் இருந்துச்சு. எறும்பு கடிக்கலையே?"

அர்த்தநாரிக்கு முகம் சிவந்தது. "ஏன் மாஸ்டர்? என் பாதை மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"வாங்க, போய்ப் பார்ப்போம்."

இருவரும் சைக்கிளை எடுத்தார்கள். புளியமரம் தாண்டி, பாறை தாண்டி, முதல் வளைவில் இறங்கினார்கள். தழை வாடிக் கிடந்தது.

"தழைக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கு, பாருங்கண்ணா."

குனிந்து பார்த்தார். அவருடைய டயர் தடம் வளைவு வரைக்கும் வந்திருந்தது. அப்படியே அரைவட்டம் போட்டுத் திரும்பியிருந்தது.

"அந்தப் பக்கம்?"

மழை பொத்துப் பொத்தாகக் குத்திவிட்டுப் போன மண். அதன் மேல் உதிர்ந்த சரளை. தடம் என்று ஒன்று கிடையாது.

அர்த்தநாரி நிமிர்ந்தார். "உங்க தடமும் அந்தப் பக்கம் இல்லையே மாஸ்டர்?"

"இல்ல."

"இதுல நீங்க போனதே கிடையாதா?"

"போன வருஷம் போயிருக்கேன். இந்த மழைக்கு அப்புறம் போகல."

"அப்போ கீழ பாதை நல்லா இருக்கா, இடிஞ்சு கிடக்கா?"

"தெரியாது."

"தெரியாமத்தான் மூணு நாளா என்னை மறிச்சீங்களா?"

"நான் எங்கண்ணா மறிச்சேன்? புளியமரத்துல கிடந்துச்சு, தாண்டினீங்க. பாறையில கிடந்துச்சு, தாண்டினீங்க. நீங்க எவ்வளவு தூரம் போனீங்களோ அவ்வளவு தூரம் அதுவும் வந்துச்சு."

'நான் போகல, அம்புட்டுதான்' என்று சடையன் சொன்னது அப்போதுதான் அர்த்தநாரியின் காதில் விழுந்தது. மூன்று நாள் கழித்து.

கீழே தண்ணீர் இரைந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். நாற்பது பேர் தான் போட்ட கோட்டை நம்பி இந்த வளைவில் வந்து திரும்புவதை நினைத்துப் பார்த்தார்.

"மாஸ்டர், நான் முழுசா ஓட்டல."

"ம்."

"செயின் கெடல. வெயிலும் இல்ல. பயமா இருந்துச்சு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள் மாதேஸ்வரி.

அவள் குனிந்து கல்லை எடுத்தாள். கொப்பைத் தூக்கித் தூசியை உதறினாள். அதை அவர் பக்கம் நீட்டினாள்.

"இது உங்க தழைண்ணா. போட மறந்துட்டீங்க, உங்களுக்காக நான் போட்டேன். நாளைக்கு எங்க போடுவீங்க, சொல்லுங்க."