செங்கமலத்தின் சந்தேகம்

செவ்வந்திபுரம் மடத்தில் ஏடுகளுக்குக் கரி பூசிப் பூசியே வாசிக்கக் கற்றுக்கொண்டவள் செங்கமலம். வாசித்த வாய் சும்மா இருக்குமா? "எல்லா உயிரிலும் சாமி இருக்கிறாராமே, பிறகு சிலரை ஏன் வாசலோடு நிறுத்துகிறோம்?" என்று கேட்டுவிட்டாள்.

மடத்துப் புலவர் மாசிலாமணி கொதித்தார். "நாத்திகம் பேசுகிறாள்! தினமும் புராணம் வாசிக்கிறேன், எனக்கு ஒரு சந்தேகமாவது வந்ததுண்டா? இவளை வெளியே அனுப்புங்கள்!"

மடத்தலைவர் அவளைப் பார்த்தார். போக்கிடம் இல்லாதவள் அவள்.

"போகிறேன் சாமி. புலவர் ஐயா இன்று வாசித்த ஏட்டை ஒருமுறை பாருங்கள்."

தலைவர் எடுத்துப் பார்த்தார். வெறும் ஓலையாகத் தெரிந்தது.

"கீறிய எழுத்து, கரி பூசினால்தான் கண்ணுக்குத் தெரியும் சாமி. இந்தக் கட்டுக்கு நான் இன்னும் பூசவே இல்லை. ஒரு மாதமாக ஐயா இதைத்தான் வாசிக்கிறார். வாசித்தால்தானே சந்தேகம் வரும்?"

புலவர் கூரை உத்தரங்களை எண்ணத் தொடங்கினார்.

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "உனக்குச் சாமியிடம் நம்பிக்கை உண்டா, இல்லையா?"

"வாசிக்க வாசிக்கச் சந்தேகம் கூடுகிறது சாமி. ஆனாலும் கும்பிடாமல் தூக்கம் வருவதில்லை."

"அப்படியானால் நாளை முதல் புராணம் நீ வாசி. புலவர் கரி பூசட்டும்."