மாப்பிள்ளைகள் சொன்ன கார்

அரிசி மில் முதலாளி குற்றாலிங்கம் புதுக் கார் வாங்க நினைத்தார். மூத்த மாப்பிள்ளை டீசல் என்றார், அடுத்தவர் பெட்ரோல் என்றார், இளையவர் கரண்ட் வண்டிதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். மாப்பிள்ளை முகம் கோணினால் அப்புறம் மகள் வீட்டுப் படியேற முடியுமா?

டிரைவரைக் கூப்பிட்டார். “ஏலே மாசானம், மூணு பேரையும் ஒரே பதில் சொல்ல வை. இல்லேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது!”

மாசானம் மூவரையும் தனித்தனியாகப் பார்த்தான். “அய்யா, நீங்க சொன்ன வண்டியையே எடுத்துருவோம். வழியில நின்னுட்டா மட்டும் மொதலாளி உங்களுக்குத்தான் போன் போடுவாங்க.”

சாயங்காலம் மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: “மாமாவுக்கு எது பிடிக்குதோ, அதுதான் நல்ல வண்டி!”

முதலாளி மாசானத்தின் முதுகில் தட்டினார். உடனே திகைத்தார்.

“ஆமா, எனக்கு எது பிடிக்கும்டே?”

“இருங்க மொதலாளி, மொதலாளியம்மாகிட்ட கேட்டுட்டு வாரேன்.”