நம்பர் கிளம்பிடுச்சு முதலாளி

ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருந்த அங்கமுத்து முதலாளி, தன் ஆட்களைப் பற்றி யாரிடம் பேசினாலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பெருமையாகச் சொல்வார்: "நம்ம ஆளுங்க சொன்னதை அப்படியே செய்வாங்க." அது உண்மை. அதுதான் பிரச்சனையும்.

அந்த ஆலையில் மூன்று எந்திரங்கள். கிழங்கை அரைக்கிற எந்திரம் அத்தியப்பன் பொறுப்பு. ஜவ்வரிசியை வறுக்கிற பெரிய அடுப்பு பெரியதாயி பொறுப்பு. மூட்டை எடை போடுகிற தராசு செங்கோடன் பொறுப்பு. செங்கோடன் மேஸ்திரியும் கூட, ஏனென்றால் மூவரில் அவருக்குத்தான் மூக்குக் கண்ணாடி இருந்தது. மூன்று பேரும் வேலையில் கெட்டி. அடுப்புச் சூட்டைப் பெரியதாயி வாசனையிலேயே சொல்லிவிடுவாள். அவர்கள் கையில் வந்த ஜவ்வரிசி முத்து மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் பூனாவிலிருந்து பாவ்சார் சேட்டு என்ற மொத்த வியாபாரி சேதி அனுப்பினார். வியாழக்கிழமை வருகிறாராம். அடுப்புச் சூடு, மூட்டை எடை எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்த இடத்தில் தெரிய வேண்டுமாம். தெரிந்தால் சீசன் முழுக்க சரக்கு எடுப்பார். இல்லையென்றால் வேறு ஆலை.

முதலாளி மூவரையும் கூப்பிட்டுச் சொன்னார். "வியாழக்கிழமை அந்தத் திரையில நம்பர் தெரியலேன்னா, இந்த சீசனுக்கு ஆலையை மூட வேண்டியதுதான். அப்புறம் நீங்களும் நானும் வேற வேலை தேடணும்."

பெரியதாயிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சேலத்திலிருந்து ரெஹானா என்ற இன்ஜினியர் பெண் வந்தாள். இரண்டு நாளில் எந்திரங்களுக்கெல்லாம் நீலக் கேபிள் இழுத்தாள். நடு அறைச் சுவரில் எட்டு ஓட்டை உள்ள ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டினாள்; இன்ஜினியர்கள் பாஷையில் அதற்குப் பெயர் சுவிட்ச். பாக்கி இருந்தது கேபிளைச் செருகுகிற வேலைதான். அதற்குள் பெருந்துறையில் ஒரு சாயப்பட்டறையில் நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிட்டது என்று போன் வந்தது. உடனே போயாக வேண்டும்.

"பயப்படாதம்மா," என்றார் முதலாளி. "ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துட்டுப் போ. நம்ம ஆளுங்க சொன்னதை அப்படியே செய்வாங்க."

ரெஹானா நல்ல தமிழில், தெளிவான கையெழுத்தில், ஐந்து வரி எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

செங்கோடன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்தார்: "மூன்று எந்திரங்களின் கேபிளும் நடு அறையில் உள்ள சுவிட்சுக்கு வர வேண்டும். சுவிட்ச் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும்."

மூவரும் நடு அறைக்குப் போனார்கள். அங்கே கறுப்புப் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பெரியதாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் காலையிலேயே அதற்குக் குங்குமம் வைத்து அரை முழம் கதம்பமும் சாத்தியிருந்தாள்.

"இதுதான் சுவிட்சோ?" என்றார் அத்தியப்பன்.

"இதுல அழுத்துறதுக்கு என்ன இருக்கு? வெறும் ஓட்டைதான் இருக்கு," என்றார் செங்கோடன். "எதை அழுத்தறோமோ அதுதானே சுவிட்ச்?"

பெட்டிக்குப் பக்கத்தில் டியூப்லைட் சுவிட்ச் இருந்தது. நடு அறைக்கு வந்து தொங்கிய கேபிள் முனைகள் மூன்றையும் சாக்குத் தைக்கிற சணலால் அதன் கழுத்தில் இறுக்கிக் கட்டினார்கள். சுவிட்சை ஆன் பண்ணினார்கள். பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்தது. முதல் வரி முடிந்தது.

இரண்டாவது வரி: "கேபிளைக் கரண்டு கம்பியிலிருந்து ஒரு அடி தள்ளிப் போடவும்."

இதில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது.

"கேபிள் என்ன தப்புப் பண்ணுச்சு, அடிக்கறதுக்கு?" என்று கேட்டாள் பெரியதாயி. அவளுக்கு இளகிய மனசு.

"அது நமக்கு எதுக்கு? ஒரு அடின்னு எழுதியிருக்கு. அடிச்சு, தள்ளி, போடணும். மூணு வேலை," என்றார் செங்கோடன்.

"யார் அடிக்கறது?"

"மேஸ்திரிதான் அடிக்கணும். ஆனா ஒரே அடிதான். ரெண்டாவது விழுந்தா மேடம் எழுதினது தப்பாயிடும்," என்றார் அத்தியப்பன்.

கரண்டு கம்பி ஓரமாகப் போன கேபிளுக்கு, மாவு கிளறுகிற துடுப்பால் செங்கோடன் ஒரே ஒரு அடி கொடுத்தார். அத்தியப்பன் தள்ளினார். பெரியதாயி அதை மெதுவாகத் தரையில் போட்டு, யாருக்கும் தெரியாமல் தடவிக் கொடுத்தாள். அதே மாதிரி மற்ற இரண்டுக்கும்.

மூன்றாவது வரிதான் அவர்களைப் படுத்தி எடுத்தது. "ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி முகவரி கொடுக்க வேண்டும். இரண்டு எந்திரத்துக்கு ஒரே முகவரி இருக்கவே கூடாது."

"மூணும் ஒரே ஆலைக்குள்ள இருக்கே," என்றார் அத்தியப்பன் கவலையோடு. "போஸ்ட்மேன் குழம்பிடுவாரே."

ரொம்ப நேரம் யோசித்தார்கள். கடைசியில் அரவை எந்திரத்துக்கு ஆலையின் முகவரியையே கொடுத்தார்கள். அடுப்பை நகர்த்த முடியாது. ஆனால் அது பின்வாசலைப் பார்த்து இருந்தது, பின்வாசல் கிழக்குத் தெருவில் இருந்தது. ஆகவே "திருமதி அடுப்பு, கிழக்குத் தெரு" என்று எழுதி ஒட்டினார்கள். தராசுக்கு இடமில்லை. செங்கோடன்தான் வழி கண்டுபிடித்தார். ஆலைக்கு முன்னால் போகிற ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு பஞ்சாயத்து. தராசைத் தள்ளுவண்டியில் ஏற்றி, ரோட்டைக் கடந்து, அங்கிருந்த புளியமரத்தடியில் இறக்கி வைத்தார்கள். கேபிள் அவ்வளவு தூரம் எட்டவில்லை. மிச்சத்துக்குச் சணல் கயிற்றை முடிச்சுப் போட்டார்கள்.

அப்போது நான்காவது வரி ஞாபகம் வந்தது: "கேபிள் நூறு மீட்டருக்கு மேல் போகக் கூடாது."

அத்தியப்பன் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். கேபிள் ரோட்டைக் கடக்கிற இடத்தில் லாரி உயரத்துக்கு மேலே தொங்கியது, அவ்வளவுதான். "நம்ம புளியமரமே நூறு மீட்டர் இருக்காது. நாம அவ்வளவு மேலே எங்க போகப் போறோம்?" என்றார். எல்லாருக்கும் நிம்மதி.

புதன்கிழமை ரெஹானா போன் செய்தாள்.

"அண்ணே, கேபிள் எல்லாம் சுவிட்சுக்கு வந்திருச்சா?"

"வந்து கெட்டியா நிக்குது மேடம். இழுத்தாலும் வராது."

"முகவரி?"

"போட்டாச்சு மேடம். பின்கோடு கூட எழுதிட்டோம்."

ரெஹானா சிரித்தாள். மேஸ்திரி தமாஷ்காரர் என்று நினைத்தாள். "சரிண்ணே. இப்ப ஒவ்வொண்ணையும் பிங் பண்ணி, அதாவது கூப்பிட்டுப் பாருங்க. பதில் வருதான்னு சொல்லுங்க."

செங்கோடன் போனைக் கையில் பிடித்தபடி அடுப்புக்கு முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிங்" என்றார்.

அடுப்பு பேசவில்லை. இன்னொரு தடவை, இன்னும் மரியாதையாக, "பிங்குங்க" என்றார். பதில் இல்லை. நாளைக்கு வியாழக்கிழமை. ஆலை மூடிவிடுமே என்ற பயத்தில், பெரியதாயியை அடுப்புக்குப் பின்னால் உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். மறுபடியும், "பிங்."

"என்னங்கண்ணே?" என்றாள் பெரியதாயி பின்னாலிருந்து.

"பதில் வருது மேடம்," என்றார் செங்கோடன்.

"எவ்வளவு நேரத்துல வருது?"

"அடுப்பு உடனே சொல்லிடுது." அத்தியப்பன் அதற்குள் ரோட்டைக் கடந்து தராசுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தார். "தராசுதான் கொஞ்சம் லேட்டு. லாரி போனா காது கேக்கலை."

"தூரம் அதிகம், அதனால இருக்கும். வழியில பாக்கெட் ஏதாவது தொலையுதா?"

செங்கோடன் ஜவ்வரிசி பாக்கெட் போடுகிற மேஜையைப் பார்த்தார். "இல்லை மேடம். நாப்பத்திரெண்டும் அப்படியே இருக்கு."

"அப்ப எல்லாம் சரியா இருக்கு," என்றாள் ரெஹானா. போனை வைத்துவிட்டு, பெருந்துறையில் முதல் தடவையாக நிம்மதியாக ஒரு டீ குடித்தாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பாவ்சார் சேட்டு வந்து இறங்கினார். இருபது வருஷமாகச் சேலத்துக்கு வந்து போனதில் நன்றாகத் தமிழ் பேசுவார். முதலாளி அவரை ஆபீஸில் உட்காரவைத்து, இளநீர் கொடுத்து, கம்ப்யூட்டரைப் பெருமையாகத் திருப்பினார். திரை கறுப்பாக இருந்தது.

"நம்பர் எங்கே?" என்றார் சேட்டு.

முதலாளி திரையை இரண்டு தட்டு தட்டினார். வாசலில் நின்ற செங்கோடனைப் பார்த்தார்.

"நம்பர் கிளம்பிடுச்சு முதலாளி," என்றார் செங்கோடன் அமைதியாக. "வந்துகிட்டிருக்கு."

அவர்கள் காலையிலேயே திரையைப் பார்த்து, கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். கேபிள் வழியாகத் தகவல் வர வேண்டும் என்றுதானே சொன்னார்கள்? தானாக வரவில்லை என்றால் யாராவது கூட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

அத்தியப்பன் அடுப்பிலிருந்து, நீலக் கேபிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, வாய்க்குள் "இருநூத்திப் பத்து, இருநூத்திப் பத்து" என்று முணுமுணுத்தபடி வந்தார். நடு அறையில் சுவிட்சைத் தொட்டார். அங்கிருந்து ஆபீஸுக்குள் நுழைந்து, மாவில் தோய்ந்த விரலால் திரையின் மேல் 210 என்று எழுதினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

எழுதி முடித்ததும் வந்த வழியே போகாமல் ஜன்னலில் ஏறி வெளியே குதித்தார்.

"ஏன் அப்படிப் போறார்?" என்றார் சேட்டு.

"அஞ்சாவது வரி ஐயா," என்றார் செங்கோடன். "சுவிட்சை விட்டுப் போனது சுத்திக்கிட்டு மறுபடி அதே சுவிட்சுக்கு வரக் கூடாதுன்னு போட்டிருக்கு. அப்படி வந்தா எல்லாமே நின்னுடுமாம்."

"அடுத்த நம்பருக்கு என்ன பண்ணுவார்?"

"அடுத்த நம்பர் வேற நம்பருங்களே ஐயா."

சேட்டு இளநீரைக் கீழே வைத்தார். பிறகு, "சூட்டைக் குறைக்கச் சொல்லு, பார்க்கலாம்," என்றார். ஜன்னலுக்கு வெளியே சேதி போனது. பத்து நிமிஷத்தில் அத்தியப்பன் மூச்சிரைக்க வந்து, திரையைத் துண்டால் துடைத்து, 195 என்று எழுதினார். சேட்டு மூட்டை எடை கேட்டார். தராசிலிருந்து ஆபீஸ் வாசல் வரை காலையிலேயே போட்டிருந்த சணலைச் செங்கோடன் இழுக்க, தராசுப் பக்கம் பெரியதாயி கட்டிவிட்ட கிழிந்த தாள் ஒன்று வந்தது: தொண்ணூறு கிலோ.

சேட்டு எழுந்தார். தானே நடந்துபோய் அடுப்பைப் பார்த்தார். முள் 195இல் நின்றது. ரோட்டைக் கடந்து புளியமரத்தடிக்குப் போய் மூட்டையைத் தன் கண் முன்னாலேயே தராசில் ஏற்றச் சொன்னார். தொண்ணூறு. ஒரு கிராம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. முதலாளி ரோட்டோரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தனையோ ஆலையில கம்ப்யூட்டர் பார்த்திருக்கேன்," என்றார் சேட்டு. "நம்பர் அழகா வரும். அடுப்புல வேற இருக்கும். பொய் நம்பருக்காக யாரும் இப்படி வேர்த்து ஓட மாட்டாங்க." திங்கட்கிழமைக்குள் முதல் லாரி கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினார்.

பெரியதாயி அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை ரெஹானா திரும்பி வந்தாள். நடு அறையில் டியூப்லைட் சுவிட்சில் தொங்கிய கேபிள்களைப் பார்த்தாள். கதம்பம் வாடிய கறுப்புப் பெட்டியைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த மூட்டையில் உட்கார்ந்தாள். பிறகு சணலை வெட்டி, கேபிள்களைப் பெட்டியில் செருகி, தராசை இந்தப் பஞ்சாயத்துக்கே கொண்டுவந்து, மடிக்கணினியில் ஏதோ தட்டினாள். முக்கால் மணி நேரத்தில் ஆபீஸ் திரையில் நம்பர்கள் தாமாகவே வந்தன.

அத்தியப்பன் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நான் எதுக்கு மேடம்?"

ரெஹானாவுக்குப் பாவமாக இருந்தது. "நீங்க ஓடி ஓடிக் களைச்சுப் போயிட்டீங்கண்ணே. இனிமே நீங்க யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம். எல்லாம் தானா நடக்கும்," என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு முதலாளி ஆலைக்கு வந்தார். வாசலில் கிழங்கு மலை மாதிரி குவிந்து கிடந்தது. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. மூவரும் ஒரே பெஞ்சில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னய்யா இது?"

"மேடம் ஒண்ணும் பண்ண வேண்டாம்னு சொல்லியிருக்காங்க முதலாளி," என்றார் செங்கோடன். "நெட்வொர்க் பிரமாதமா வேலை செய்யுது, வந்து பாருங்க. மூணு எந்திரமும் சும்மா இருக்குன்னு சரியாக் காட்டுது."

திரையில் மூன்று பூஜ்யங்கள் வரிசையாக இருந்தன.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை லாரி போகணும். எதையாவது பண்ணித் தொலைங்க," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

மூவரும் எழுந்தார்கள். அப்படி ஒரு வேலை அந்த ஆலை பார்த்ததில்லை. சனியும் ஞாயிறும் அரைத்து, வறுத்து, எடை போட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாரியில் கடைசி மூட்டையை ஏற்றிவிட்டார்கள். லாரி கிளம்பியது. மூவரும் கைகால் கழுவிக்கொண்டு நின்றார்கள்.

"பண்ணியாச்சு," என்றார் செங்கோடன். "இன்னும் தொலையலை."

"எங்கண்ணே போய்த் தொலையறது?" என்றாள் பெரியதாயி. "இந்தப் பக்கம் எல்லா ஊரும் நமக்குத் தெரியுமே."

ஆத்தூர் பஸ் நிலையத்துக்குப் போனார்கள். கிளம்பத் தயாராக நின்ற ஒரு பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர் வந்து, "எங்க போகணும்?" என்றார்.

"எங்களுக்குத் தெரியாத ஊருக்கு மூணு டிக்கெட்," என்றார் செங்கோடன்.

"எந்த ஊரு?"

"அது தெரிஞ்சா அந்த ஊரு எங்களுக்கு உதவாதுங்க."

சாயந்திரம் ஆறு மணிக்கு, லாரி நல்லபடியாகப் போன சந்தோஷத்தில், மூவருக்கும் பிரியாணி வாங்கிக்கொண்டு ஆலைக்கு வந்த முதலாளி, ஆளைக் காணாமல் செங்கோடனுக்குப் போன் போட்டார்.

"எங்கய்யா இருக்கீங்க?"

"தொலைஞ்சுட்டோம் முதலாளி, நல்லபடியா," என்றார் செங்கோடன். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "எங்கேன்னு மட்டும் கேக்காதீங்க. இப்பத்தான் ஒருத்தர் இந்த ஊர்ப் பேரைச் சொல்ல வந்தாரு. பெரியதாயி அவர் வாயைப் பொத்திட்டு நிக்கறா."