வெற்றிடத்தை அடைத்த அணில்

அருவிக்காட்டுக் குகையில் இருந்தவர்கள் தூசிக்குப் பயந்ததே இல்லை. டவுன் வீடுகளில் தூசியை உறிஞ்சுகிற வேக்குவம் கிளீனர் இருக்கிறதே, அதைப்போல ஒன்று அவர்களிடமும் இருந்தது. இழுப்பது யானை. மற்ற வேலையெல்லாம் செய்வது செம்பி என்ற அணிலும் நரையன் என்ற கீரியும்.

ஒரு பெரிய சுரைக்குடுக்கை. அதன் முன்பக்கம் மூங்கில் குழாய், பின்பக்கம் யானையின் தும்பிக்கை. குடுக்கைக்குள்ளே, குழாயின் நுனியில், தூக்கணாங்குருவி பின்னிய நார்ப்பை. யானை நெஞ்சை விரித்து மூச்சை இழுத்தால் குடுக்கைக்குள் காற்று குறைந்து வெற்றிடம் உண்டாகும். காலி இடத்தைக் கண்டால் காற்றுக்குப் பொறுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாக விழுந்தடித்துக்கொண்டு ஓடி வரும், தூசியையும் அள்ளிக்கொண்டு வரும். பையின் சன்னமான ஓட்டைகளில் காற்று மட்டும் புகுந்து யானைக்குப் போகும். தூசி பைக்குள் மாட்டிக்கொள்ளும். யானை அந்தக் காற்றை வாய் வழியே வெளியே விட்டுவிட்டு மறுபடி இழுக்கும்.

அது ஒரு பொற்காலம். நரையன் குழாயை மூலைமுடுக்கெல்லாம் நீட்டி, "இழுங்கண்ணே" என்பான். வேலை முடிந்ததும் செம்பி பையை அவிழ்த்து உதறுவாள். பக்கத்தில் நின்று தும்முவது நரையனின் பங்கு. ஒரு தும்மலோடு நிறுத்த அவனுக்குத் தெரியாது. தும்மித் தும்மிக் குப்புற விழுவான். குகையே சிரிக்கும்.

கோடையில் நரையன் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். இரங்கல் கூட்டத்தில் காகம் தொண்டையைச் செருமியது. எந்தச் சாவிலும் அது பேசுகிற அதே பேச்சுதான்.

"நரையனாரின் மறைவு, நிரப்ப முடியாத வெற்றிடம்!"

எல்லாரும் தலையாட்டிவிட்டுக் கலைந்தார்கள். செம்பிக்கு மட்டும் அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. வெற்றிடமாமே! அவள் குடுக்கையைப் பார்த்தாள். கடைசியாக இருவரும் சேர்ந்து சுத்தம் செய்தபோது நரையனின் முடி பைக்குள் போயிருந்தது. அதை இன்னும் உதறவில்லை. இனி உதறப்போவதும் இல்லை என்று முடிவு செய்தாள். அதன் மேலேயே அடுத்தடுத்த நாள் தூசியும் சேர்ந்து பை புடைத்தது.

மழைக்காலம் வந்தது. ஒரு மான் தன் குட்டியோடு குகையில் ஒண்டியது. உள்ளே இருந்த தூசியில் குட்டி விடாமல் இருமியது. வெளியே பேய்மழை, வேறு போக்கிடம் இல்லை. யானை கண் பிதுங்க இழுத்துப் பார்த்தது. குழாயின் முன்னால் கிடந்த காய்ந்த இலைகூட அசையவில்லை.

யானைக்கு வயசாகிவிட்டது என்று காகம் தீர்ப்புச் சொன்னது. மற்றவர்களும் முணுமுணுத்தார்கள். யானை தும்பிக்கையை விடுவித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தது.

"எனக்குத் தெம்பு போச்சு செம்பி. வேற ஆளைப் பாத்துக்கோங்க."

செம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. யானையின் தெம்பு எங்கும் போகவில்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"போகாதீங்கண்ணே. நான்தான் பையை உதறலை, ஓட்டையெல்லாம் அடைச்சுப்போச்சு. உள்ள நரையன் இருக்கான்."

யானை நின்றது. திரும்பி வந்தது.

செம்பி பையை அவிழ்த்தாள். நரையனின் முடியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று கிளறினாள். எல்லாம் ஒரே சாம்பல் நிறக் கட்டி. எது அவன் முடி, எது தன் முடி, எது வெறும் மண் என்றே தெரியவில்லை. இத்தனை நாளும் பொத்திப் பொத்தி வைத்தது இதைத்தானா என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே வாசல் பாறைக்கு அடியில் நின்று பையை உதறினாள். தூசி மூக்கில் ஏறியது. ஒரு தும்மல் வந்தது. பிறகு இன்னொன்று. நிறுத்த முடியாமல் தும்மித் தும்மிக் குப்புற விழுந்தாள்.

யானை சிரித்துவிட்டது. அதன் கண்ணும் கலங்கியிருந்தது.

"அப்படியே நரையன்" என்றது.

செம்பி பையைக் கட்டினாள். குழாயைக் கையில் எடுத்து, "இழுங்கண்ணே" என்றாள். காய்ந்த இலை சர்ரென்று உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் குட்டியின் இருமல் அடங்கியது. காகம் வேறு பேச்சு யோசிக்கப் போய்விட்டது.

போனவர் விட்ட வெற்றிடத்தை அடைத்து வைத்தால் மூச்சுத்தான் முட்டும். திறந்து வைத்தால் அவர் நினைவும் இருப்பவர் அன்பும் தாமாகவே உள்ளே வரும்.